இலோனாவின் இடைவேளை

அந்தப் படம் வந்த வெளிநாட்டில் நடுவே இடைவேளை விடுவதில்லை. கோயம்புத்தூரில் விடுவார்கள். அதனால் மதியக் காட்சியில் விளக்கு எரிந்ததும் கதாநாயகி இலோனா திரையிலிருந்து இறங்கி வந்து, முட்டை பப்ஸ் வாங்க வரிசையில் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவள் பூங்கோதை. பதினோரு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருபவள். படம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் இலோனாவுக்குப் பூங்கோதையின் முகமே இருந்தது. பாதியில் எழுந்து போக மனசு வரவில்லை.

இலோனா வாயைத் திறந்தாள். வார்த்தைகள் அவள் இடுப்புக்கு நேரே வெள்ளை எழுத்தில் சப்டைட்டிலாக ஓடின. "நாற்பது ஆண்டுகளில் இதுவே என் முதல் ஓய்வு."

"அப்படிங்களா! உக்காந்து சாப்புடுங்க."

"நேரமில்லை. இனி என் கணவர் காரை ஆற்றுக்குள் விடுவார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தாக வேண்டும்."

"எத்தன தடவைங்க?"

"ஒவ்வொரு காட்சியிலும். அது விதி."

பூங்கோதை வரிசையை விட்டு விலகினாள். பக்கத்து இருக்கை அவளுடைய தொழில்.

"நான் போறனுங்க. நீங்க என்ற சீட்டுல உக்காருங்க. ஜே பதினாலு."

இலோனா அவளுடைய கைப்பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க, பூங்கோதைதான்," என்றாள். இடுப்பில் எழுத்து எதுவும் ஓடவில்லை.

டிக்கெட் கிழிப்பவர் திரையருகே கை நீட்டினார். "பாதி டிக்கெட்தான் இருக்குதுங்க?"

"பாதிக்குத்தானுங்களே போறேன்."

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க. திரை புதுசு."

உள்ளே மழை. கணவன் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினான். முகத்தைத் திருப்பவே இல்லை. "இலோனா, எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது," என்று அவன் மடியில் எழுத்து ஓடியது.

"தேர்டு கியர்லயா திருப்புவாங்க? பிரேக் புடிங்க!" என்று கத்தினாள் பூங்கோதை. அவள் மடியில், "அன்பே, சற்று மெதுவாக" என்று ஓடியது.

"அன்பேன்னு நான் சொல்லவே இல்லீங்க!"

கார் பாலத்தின் கைப்பிடியை உடைத்தது. அவளுடைய வலது கை பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போய்க் கதவைப் பிடித்தது. எல்லாமே இங்கே இடம் வலமாக மாறியிருந்தது. இடது கையால் எட்டி, முழுப் பலத்தோடு இழுத்தாள். முன்சக்கரங்கள் ஆற்றுக்கு மேலே சுற்றின. பிறகு நின்றன.

தியேட்டரில் யாரோ விசிலடித்தார்கள். அந்தப் படம் வாங்கிய முதல் விசில்.

"இதற்குப் பிறகு எனக்கு வசனம் இல்லை," என்றான் அவன். முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான்.

"ரிவர்ஸ் போடுங்க."

"தெரியாது. யாரும் கேட்டதில்லை."

சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது முயற்சியில் கார் பின்னால் வந்தது. அவன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். அவளும் சிரித்தாள். இத்தனை சந்தோஷம் அவளுக்கு லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட வந்ததில்லை.

பாலத்தின் மறுகரையில் ஒரு சோதனைச் சாவடி. அதிகாரி பதிவேட்டைப் பிரித்தார்.

"பெயர்?"

எட்டிப் பார்த்தாள். இலோனா ஆற்றில் விழுந்ததாகக் காலைக் காட்சியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பூங்கோதையோ ஜே பதினாலில் இருந்தாள்.

"நாளைக்குச் சொல்றனுங்க."

அவர் அப்படியே எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தி, "கடைசியில் வரும் 'ங்க' பெயரோடு சேர்ந்ததா?" என்று கேட்டார்.

அவள் நன்றாக யோசித்தாள்.

"ஆமாங்க."

தடுப்புக் கட்டை மேலே போனது.