முதலெழுத்து ஞானசெல்வியுடையது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மகள் நந்தனாவின் பரீட்சையிலிருந்து திருடியது. வேலை முடிந்து வந்து காலை நீட்டிக் கிடந்தேன். உயிரணு தன் டி.என்.ஏ.வை எப்படிப் படியெடுக்கிறது என்று அவள் சத்தமாக உருப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஹெலிகேஸ் என்ற நொதி முறுக்கிய இரண்டு இழைகளையும் பிரிக்கும். பாலிமரேஸ் எதிர் எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போகும். ஆனால் தானாகத் தொடங்க அதற்குத் தெரியாது. பிரைமேஸ் முதலில் ஒரு சிறு துண்டை வைத்துக் கொடுக்க வேண்டும்.”

எனக்கு ஞானசெல்வி ஞாபகம் வந்துவிட்டது.

2

‘ஞானசெல்வி மிகவும் நல்ல’ (வேண்டாம். அவளே சிரிப்பாள்.)

தக்கலைப் பக்கம், அண்டி ஆபீஸில் என் அருகே உட்கார்ந்து முந்திரி உடைத்தவள். நாற்பது வயதில் எனக்கு எழுத்தைக் காட்டியவள். கறை பிடிக்காமல் கையில் பூசும் சாம்பலைத் தரையில் பரப்பி, முதலெழுத்தை அவள் போடுவாள், மீதியை நான். அவள் போடாவிட்டால் என் விரல் ஓடாது.

“ஏட்டி தாணம்மா, ஒனக்க ‘தா’வுக்குக் கால் எங்க? ஒடிஞ்சு போச்சா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ!”

“ஒனக்கென்னட்டி! பேருலயே கொம்பும் உண்டு, காலும் உண்டு, மாடு மாதிரி.”

(பாலிமரேஸும் தப்பான எழுத்தைக் கோத்துவிட்டால் ஓரடி பின்வாங்கி, வெட்டியெடுத்துச் சரியானதை வைக்குமாம். சிரிக்குமா என்று பாடத்தில் இல்லை.)

3

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், பஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னிடம் ஏதோ சொன்னாள். மறுநாள் நெஞ்சுவலியில் போய்விட்டாள். அவள் சொன்னதைப் பிடித்துவைக்கத்தான் இந்தக் கதை. மனதுக்குள் முதலில் சொல்லிப் பார்த்தபோது முழு வரியும் இருந்தது. திரும்பச் சொன்னபோது பாதி. எழுத உட்கார்ந்தபோது

நந்தனாவிடம் சொன்னேன்.

“உயிரணுவுக்கும் அப்படித்தாம்மா. வச்ச தொடக்கத்த எடுத்துட்டு, அந்த எடத்த நெரப்பும். லைகேஸ் ஒட்டும். ஆனா கடைசி நுனியில மட்டும் நெரப்ப முடியாது. ஒவ்வொரு படிக்கும் நுனி கொஞ்சம் கொறையும்.”

“பொறவு?”

“பயப்படாதே. நுனியில சேதி ஒண்ணும் கெடையாது. அதே ஆறு எழுத்துதான் திரும்பத் திரும்ப வரும்.”

சேதியில்லாத அதுதான் மக்கா எனக்கு வேணும்.

4

முடிவு ஒன்று: “நாளைக்குப் பாப்போம்” என்றாள். (எல்லாரும் சொல்வது.)

முடிவு இரண்டு: “கால மறந்திராதட்டி” என்றாள். (அழகாக இருக்கிறது. அதனாலேயே பொய்.)

இரண்டையும் அடித்துவிட்டேன். பஸ் கிளம்புகிறது. அவள் தலையை வெளியே நீட்டுகிறாள். எனக்கு மிஞ்சியிருப்பதை மட்டும் சாம்பலில் போட்டுவிடுகிறேன். மீதி உங்கள் விரல்.

“ஏ