துருத்தும் குரல்

"உன் குரல் துருத்திக்கிட்டு நிக்குது, ஆன்கே. பலகையில ஒழுங்கா இறங்காத ஆணி மாதிரி."

"கல்யாணத்துக்கு முன்னாடியே புருஷன் வேலையைக் காட்டுறியா?"

"கூட்டுப்பாட்டுல எந்தக் குரலும் தனியாத் தெரியக் கூடாதும்மா. நாலு குரலும் ஒரே மூச்சா இருக்கணும். இந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா அப்படித்தான் பாடுறாங்க."

"சரி, உன் குழுவுல சேர்த்துக்கோன்னு நான் என்னைக்கும் கேக்க மாட்டேன். வேணும்னா நீ கேளு. எல்லார் முன்னாடியும், சத்தமா."

"நானா? கேட்டுட்டாலும்!"

"பார்க்கலாம்."

திலோவும் நானும் சிரித்துக்கொண்டே பேசியதுதான். ஆலயத்தின் ஆர்கன் மாடத்தில், அவன் கோட்டை நான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸாக்ஸன் மலைகளில் பனி உருகாத மார்ச் மாதம் அது. அதன் பிறகு எங்கள் மகள் பிறந்து, வளர்ந்து, வேறு ஊருக்குப் படிக்கவும் போய்விட்டாள். நான் பக்கத்து நகரத்து இசை நாடக அரங்கில் சனிக்கிழமைதோறும் சாயம் பூசிக்கொண்டு பாடுகிறேன். ஞாயிறு காலையில் மூன்றாம் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, திலோவின் ஆர்கனுக்கு அடங்கி, ஞானப்பாட்டுகளை வாய்க்குள்ளேயே பாடுகிறேன். அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாக இருந்தது. இந்த வசந்தத்தில்தான் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு அது. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு முடிந்தது. ஆர்கனின் எல்லாக் குழாய்களும் அடங்கிவிட்டன, ஒன்றைத் தவிர. மிக உயரத்தில், ஊசி போன்ற ஒரு சுரம் நிற்காமல் கத்திக்கொண்டேயிருந்தது. பழைய ஆர்கன்களில் இது நடப்பதுதான். ஏதோ ஓர் அடைப்பான் சிக்கிக்கொள்ளும். வாசிப்பவர் உரிய குமிழை உள்ளே தள்ளிவிட்டால் சத்தம் நின்றுவிடும். போதகர் மேடையேறி, வாயைத் திறந்து, காத்திருந்தார். ஜனங்களும் காத்திருந்தார்கள். தலைகள் ஒவ்வொன்றாக மாடத்தை நோக்கித் திரும்பின. நானும் திரும்பினேன். திலோ கைகளை மடியில் கோத்தபடி, அமைதியாக, பிரசங்கம் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

அவனுக்கு அந்தச் சத்தம் கேட்கவேயில்லை.

அந்த ஒரு நொடியில், குளிர்காலம் முழுக்க நான் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றன. அடுப்பில் கெட்டில் விசிலடித்துக்கொண்டிருக்க அதன் அருகிலேயே அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது. மகள் தொலைபேசியில் பேசினால் என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது. ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பியானோவின் மரத்தில் நெற்றியை அழுத்திக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். தலைவலி என்றான். நானும் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

மாடப்படிகளில் ஓடினேன். குமிழைத் தள்ளினேன். சத்தம் நின்றது. திலோ முதலில் என் கையைப் பார்த்தான், பிறகு கீழே அண்ணாந்திருந்த முகங்களை. அவன் முகம் வெளுத்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கறிக்கடை ரூடி என்னைப் பிடித்துக்கொண்டார். திலோவின் பாடகர் குழுவில் கீழ்க்குரல் முழுக்க அவர் தோளில்தான் நிற்கிறது.

"என்ன பொண்ணு, சனிக்கிழமை மேடையில ஆட்டம், ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓட்டம். ரெண்டுக்கும் டிக்கெட் போட்டா கூரையையே மாத்திடலாம் போலிருக்கே!" என்று சிரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆன்கே, மறைக்காம சொல்லு. அவன் காது நல்லாத்தானே இருக்கு?"

"குழாய் பழசு, ரூடி."

"குழாய் பழசுதான். நான் குழாயைப் பத்திக் கேக்கல."

வீட்டில் திலோ கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றான். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். நவம்பரிலேயே பார்த்தானாம். மேல் சுரங்கள் போய்விட்டன, திரும்பி வராது, மெல்ல மெல்லக் கீழேயும் இறங்கும் என்றாராம். மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினான். காதுக்கருவி பெட்டியோடு கிடந்தது.

"போட்டுப் பார்த்தேன். ஆர்கன் தகர டப்பா மாதிரி கேக்குது. அதுக்கு ஒண்ணுமே கேக்காம இருக்கலாம்."

"குழுவுல சொல்லிடலாம், திலோ."

"சொன்னா? காது கேக்காதவனை யார் இசைக்கு வெச்சுப்பாங்க? எனக்கு வேற என்ன தெரியும்?" பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். "இனிமே நீ மேல ஏறி வராதே. நான் கூப்பிடாம வராதே."

அதற்குப் பிறகு அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்னால் போய் நின்றால் தலையாட்டுவான். ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைவிட்டுப் போவதைப் போல் இருந்தது. ஒருநாள் பாத்திரம் கழுவியபடியே அந்த வாரத்து நாடகப் பாட்டை நெஞ்சிலிருந்து அடித்துப் பாடிக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றித் திரும்பினேன். நடைவழியில் திலோ ஒரு கையில் காலணியோடு அசையாமல் நின்றிருந்தான். கண்கள் மூடியிருந்தன. நான் நிறுத்தியதும் திறந்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். கேள் திலோ, கேட்டுவிடு என்று என் உடம்பே கெஞ்சியது. அவன் குனிந்து காலணியைப் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போய்விட்டான்.

பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் ஆர்கன் ஊமை. பீடத்தில் கறுப்புத் துணி, மெழுகுவத்தி இல்லை, மணியும் இல்லை. பாடகர் குழு மாடத்திலிருந்து இறங்கி வந்து பீடத்தின் முன்னால் நின்று, எந்தத் துணையும் இல்லாமல், கர்த்தர் பட்ட பாடுகளின் பாட்டைப் பாடும். வருஷம் முழுக்க ஆர்கனைக் கையால் உணர்ந்து ஒப்பேற்றிவிடலாம். அன்றைக்குக் காது மட்டும்தான். காலையில் அவனுக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தேன். தொடவில்லை.

ஆலயத்தில் திலோ எங்களுக்கு முதுகு காட்டி நின்று, இசைக்கவையை முழங்காலில் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, சுருதி கொடுத்தான். முதல் சரணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் மேல்குரல் பெண்கள் சுருதியிலிருந்து சறுக்கத் தொடங்கினார்கள். துணையில்லாத பாட்டு சறுக்கத்தான் செய்யும். நடத்துபவர் ஒரு விரலை உயர்த்தினால் போதும், ஏறிவிடுவார்கள். திலோவின் விரல் உயரவில்லை. இடைக்குரல் அவர்களோடு இறங்கியது, ரூடி பழைய இடத்திலேயே பிடிவாதமாக நின்றார். பாட்டு கிழிந்தது. ஒருத்தி வாயை மூடினாள், அடுத்தவள் மூடினாள், கடைசியாக ரூடியும்.

ஆனால் திலோவின் கைகள் நிற்கவில்லை. அந்த நிசப்தத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு அது எப்போதும் கேட்பதுபோலவேதான் கேட்டிருக்கும் போலிருக்கிறது. ரூடி இல்லை என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். திலோவின் கைகள் அந்தரத்தில் நின்றன.

நான் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடாமல் வராதே என்றிருக்கிறான். போனாலும் அவமானம், போகாவிட்டாலும் அவமானம். கர்த்தரே, அவனை ஓட விடாதேயும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். பக்கவாட்டுக் கதவு அவனுக்குப் பத்தடியில் திறந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

திலோ இசைக்கவையை மறுபடி முழங்காலில் தட்டினான். காதுவரை கொண்டுபோனான். பாதியில் கை இறங்கியது. பீடத்துக்கு முதுகைக் காட்டி, ஊர் ஜனங்கள் அத்தனை பேரையும் நேருக்கு நேர் பார்த்துத் திரும்பினான். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாதவன் பேசுவதுபோல், மிகச் சத்தமாகப் பேசினான்.

"எனக்கு இவங்க குரல் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல." அவன் கண்கள் மூன்றாம் வரிசைக்கு வந்தன. "ஆன்கே, உன் குரல் மட்டும்தான் எனக்கு எட்டுது. வந்து எங்களோட பாடுறியா?"

நீட்டிய அவன் கையில் இசைக்கவை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.