பிரசவ வார்டிலிருந்து ஒரு அப்கிரேட்

கார்லுக்குத் தெரிந்ததெல்லாம் விசிலும் ஹாக்கி மட்டையும்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கம்ப்யூட்டர் அவன் மனைவி ஷாரனின் சமாச்சாரம். மைசூரில் தேவராஜ மொஹல்லாவை ஒட்டியிருந்த புனித அன்னாள் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் பதிவு முழுவதையும் தாங்கிய சர்வரை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள்.

அது 1999 ஆகஸ்ட். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதி தெரியாமல் தடுமாறும் என்று ஊரெல்லாம் பேச்சு. சர்வரை இயக்கிய லினக்ஸ் மென்பொருளை ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஷாரன் நிறைமாதம். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்ததால், வெளிநோயாளிகள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். காலைப் பூசை முடிந்ததும் கார்ல் துணைக்கு வந்தான். நாற்காலி இழுத்துப் போடவும் இளநீர் வாங்கி வரவும்.

பழைய தகவல்களை டேப்பில் நகல் எடுத்துவிட்டு, சிடியைப் போட்டு வேலையைத் தொடங்கினாள். திரையில் நீலக் கட்டத்துக்குள் ஒரு கோடு மெல்ல நீண்டது. அது பாதியைத் தாண்டியபோது ஷாரன் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"கார்ல், பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

"இப்பவா?"

"நான் என்ன நேரம் குறிச்சா வச்சேன்? விக்டோரியா சிஸ்டரைக் கூப்பிடு."

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் விக்டோரியா சக்கர நாற்காலியோடு வந்தார். கார்லும் கூடக் கிளம்பினான். ஷாரன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ இங்கயே இரு. இது பாதியில நின்னா பாதி பழசு, பாதி புதுசுன்னு ஒண்ணுக்கும் ஆகாது. நாளைக்குக் காலையில முந்நூறு பேர் கியூவுல நிப்பாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஷாரன்!"

"படிக்கத் தெரியும்ல? வர்றதை ஃபோன்ல படி. நான் சொல்றேன்."

இன்டர்காம் மணி பத்து நிமிடத்தில் அடித்தது. அந்தப் பக்கம் விக்டோரியா.

"ஏன்ப்பா கார்ல், உன் பொண்டாட்டி ஃபோன் இல்லாம படுக்க மாட்டேங்கறா. மாடிக்கும் கீழுக்கும் நடுவுல நான் ஒருத்தி. பேசு."

கார்ல் எழுத்தெழுத்தாகப் படித்தான். ஷாரன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவன் ஒற்றை விரலால் தட்டினான். நடுவில் பேச்சு நிற்கும். பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். "போதும், விட்டுத்தள்ளு" என்பான் இவன். "அடுத்து என்ன வந்திருக்கு, அதைச் சொல்லு" என்பாள் அவள். அவசரத்துக்குக் கிளப்ப ஒரு ஃபிளாப்பி வேண்டும் என்று திரை கேட்டபோது, டிராயரில் இருந்த நீல நிற ஃபிளாப்பியைப் போட்டு, எழுதி முடிந்ததும் எடுத்துவிடச் சொன்னாள். ஒருவழியாக எல்லாம் முடிந்தது என்று திரை அறிவித்தது. கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது.

எழுந்தது, அப்படியே நின்றது.

"ஷாரன், கறுப்பா இருக்கு. மூலையில எல், ஐ. அவ்வளவுதான்."

"எல்-ஐ-எல்-ஓன்னு முழுசா வரணும். அதுதான் மெஷினைக் கிளப்பற புரோகிராம். வரலையா?"

"பாதியில நிக்குது." கார்ல் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். நாற்பதாயிரம் பேருடைய பதிவைத் தான் ஒற்றை விரலால் அழித்துவிட்டதாகவே நினைத்தான்.

"பயப்படாத. டேட்டாவெல்லாம் பத்திரமா இருக்கும், கிளம்பத்தான் வழி தெரியாம நிக்குது. அந்த நீல ஃபிளாப்பி..." அதற்குமேல் ஒரு அலறல். கார்ல் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கினான். பிறகு கன்னடம் கலந்த விக்டோரியாவின் குரல்: "ஃபிளாப்பியைப் போட்டுட்டு மறுபடி ஆன் பண்ணணுமாம். சும்னே நிக்காத!"

செய்தான். ஃபிளாப்பி கரகரவென்று அரைத்தது. வரிவரியாக எழுத்து ஓடி, கடைசியில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

"பாஸ்வேர்டு என்ன?"

ஷாரன் தயங்கினாள். "கே-ஏ, சைபர் ஒம்பது, ஈ, நாலு நாலு ஒண்ணு ஏழு."

தட்டிக்கொண்டே வந்த கார்லின் விரல் நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பின்னால் உட்காரவைத்து சாமுண்டி மலை ஏறிய அவனுடைய ஸ்கூட்டரின் நம்பர். விற்று நான்கு வருஷமாகிறது. அவனுக்கே மறந்துபோயிருந்தது.

"ஷாரன்... இது நம்ம..."

"முதல்ல டைப் அடி கார்ல். அப்புறம் உருகலாம்."

அருகில் விக்டோரியா சிரிப்பது கேட்டது. கார்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்ன கடைசிக் கட்டளையை அடித்தான். ஒரே ஒரு வரி பதிலாக வந்தது.

"லினக்ஸ்னு பேர் வந்து, பக்கத்துல நட்சத்திரம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கிளம்பற வழி பதிஞ்சிடுச்சு. ஃபோனை வச்சிட்டு மேல வா. இனிமே என்னால பேச முடியாது."

மணி பன்னிரண்டரை. வார்டு வாசலில் இருந்த மர பெஞ்சில் கார்ல் உட்கார்ந்தான், எழுந்தான், நடந்தான். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று காட்ட இங்கே ஒரு கோடும் இல்லை. கீழே இருந்தபோது தட்டுவதற்காவது ஏதோ இருந்தது. நான்கு மணிக்கு விக்டோரியா கதவைத் திறந்து, "பொண்ணுப்பா. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார்.

உள்ளே ஷாரன் வெளிறிப் போயிருந்தாள். நெற்றியில் முடி ஒட்டிக்கிடந்தது. கார்ல் குனிந்து அந்த நெற்றியில் முத்தமிட்டான். அவள் கண்ணைத் திறந்து, "ஃபிளாப்பியை எடுத்துட்டு ரீபூட் பண்ணிப் பாத்தியா?" என்றாள்.

அவன் முழித்தான்.

"பாக்கலை. மேல வான்னு நீதான சொன்ன?"

"போய்ப் பாத்துட்டு வா. அப்பதான் நான் தூங்குவேன்."

கார்ல் இரண்டிரண்டு படியாக இறங்கினான். ஃபிளாப்பியை உருவி, மறுபடி தொடங்கினான். நான்கு எழுத்தும் முழுசாக வந்தன, வரிகள் ஓடின, புதிய பதிப்பின் எண்ணோடு திரை அமைதியாகக் காத்திருந்தது. பதிவு அறையின் கம்ப்யூட்டரில் ஒரு பழைய நோயாளியின் பெயரை அடித்துப் பார்த்தான். சீட்டு எண், வயது, விலாசம், எல்லாம் இருந்தன. காலி அறையில் தனியாகக் கை தட்டினான்.

மேலே ஓடி வந்தபோது, பதில் தெரிந்தால்தான் தூங்குவேன் என்றவள் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். விக்டோரியா குழந்தையை அவன் கையில் வைத்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுப்பிச் சொல்லலாமா என்று ஒருமுறை தோன்றியது. எழுப்பவில்லை.