சங்கிலி ஜெபத்தில் தூங்கினவள்

1

இந்தக் கதையைப் பல் வைத்தியர் வாசலில் பொறுக்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்து நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருத்தி, தங்கள் சபையில் சங்கிலி ஜெபம் நடந்தபோது ஒரு பெண் முழங்காலில் இருந்தபடியே தூங்கிப்போனாள் என்றும், ஆழ்ந்த ஜெபம் என்று நினைத்து யாருமே எழுப்பவில்லை என்றும் சொன்னாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது பாதி முகம் மரத்துப்போய், கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை, கண்ணுகளா. இருப்பதுபோல் நடிக்கவும் எனக்கு வராது. நடு ஆற்றில் விட்டுவிட்டாளே என்று பிறகு திட்டக்கூடாது.

(சங்கிலி ஜெபம் அறியாதவர்களுக்கு: காலை ஆறு முதல் இரவு எட்டு வரை, மணிக்கு ஒருவராக, சபையின் ஜெப அறையில் முழங்காலிட வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டால்தான் முன்னவர் எழுந்திருக்கலாம். நடுவில் அறுந்தால் அது சங்கிலி இல்லை, வெறும் கம்பித்துண்டு என்பார் போதகர்.)

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘ஜன்னல் வழியே இறங்கிய பரலோக வெளிச்சம் அவள் தலைமீது...’

வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. உடைந்த நாற்காலியும் மைக் வயரும் போட்டு வைத்திருந்த சாமான் அறையைத்தான் ஒழித்து ஜெப அறையாக்கியிருந்தார்கள்.

அடுத்து: ‘அவள் ஒரு விசுவாச வீராங்கனை...’

இதைப் படித்தால் அவளே சிரிப்பாள். அடித்தாயிற்று.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். எல்லோருக்கும் விரிப்பக்கா. துணி தேய்க்கிற சூட்டு உருளையிலிருந்து வருகிற விரிப்பை ஒரு முனையில் அவளும் மறு முனையில் கூட்டாளியும் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பின்னால் போக வேண்டும், மறுபடி வர வேண்டும். காலையிலிருந்து மதியம் வரை இப்படி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் நிற்பது நின்ற இடத்தில்தான்.

வீட்டில் மாமியார் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். அந்த அம்மாளுக்கு உடம்புதான் விழுந்ததே தவிர நாக்கு நிமிர்ந்தே இருந்தது. பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். மூன்றுக்கு அவளும் தன் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் இரண்டு நாள்தான் கண்ணில் படுவான். சபையிலோ ஞாயிறு வகுப்பு, பாடகர் குழு, பூ ஜோடிப்பு, நோயாளி சந்திப்பு எல்லாம் அவள் தலையில். ‘முடியாது’ என்பது அவள் வாய்க்குப் பழகாத சொல். யார் எதைக் கேட்டாலும், யோசிப்பதற்கு முன்பே தலை சரியென்று ஆடிவிடும்.

3

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முந்தின பிரதியில் அவளை ரொம்ப நல்லவளாக்கிவிட்டேன். முணுமுணுக்கக்கூட இல்லை. அப்படி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை, ஆகவே மாற்றுகிறேன்.

அன்று இரண்டு மணி முறை அவளுடையது. ஆனால் அவள் ஜெபம் பண்ண வரவில்லை. ராஜினாமா கொடுக்க வந்தாள். மதியம் விரிப்பை உதறும்போது கூட்டாளி கேட்டிருந்தாள்: “ஆண்டவர் பாத்துப்பார், பாத்துப்பார்னு சொல்றியே அக்கா. உன் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பை அவர் இன்னும் பாக்கலையா?”

அவள் விரிப்பை முனையோடு முனை சேர்த்தாள். அந்தக் கேள்வி அவளைப் பயமுறுத்தியது. ஐந்து மணிச் சங்கிலிக்குப் போதகர் வருவார். மூன்றுக்கு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அவரைப் பார்த்து எல்லாப் பொறுப்பையும் விட்டுவிடுவது, ஞாயிறு வருவதையும் நிறுத்திவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். அதற்கு முன் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்வதுதானே மரியாதை?

முழங்காலிட்டு, பெஞ்சில் நெற்றியை வைத்தாள்.

“ஆண்டவரே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இனிமே...”

வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அவள்தான் தூங்கிவிட்டாள். மணி இரண்டு அடித்து நாலு நிமிஷம்.

4

மூன்று மணிக்கு முறை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. தோளைத் தொடக் கையை நீட்டியவர் நிறுத்திவிட்டார். இத்தனை அசைவற்ற ஜெபத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் ஜெபித்தால் கால் மணிக்கு ஒருமுறை முழங்காலை மாற்றுவார், கடிகாரத்தைப் பார்ப்பார், கடையைப் பூட்டினோமா என்று யோசிப்பார். வெட்கத்தோடு அவள் பின்னால் முழங்காலிட்டார்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கி அத்தை வந்தாள். இவள் ஜெபித்தால் மைக்குக்கு வேலையில்லை. இவள் கிசுகிசுத்தால் தெருவுக்கே கேட்கும்.

“எவ்வளவு நேரமா?” என்று கிசுகிசுத்தாள்.

“ரெண்டு மணியிலேர்ந்து, அத்தை.”

“அடக் கடவுளே. இவ மாமியாரை மூணரைக்கே புரட்டிப் போட்டிருக்கணுமே.”

“தொட்டு எழுப்பிடட்டுமா?”

“தொடுவீங்க, தொடுவீங்க. யாருக்காக இப்படிப் பாரத்தோட கெஞ்சிக்கிட்டிருக்காளோ. உங்க பையன் பரீட்சைக்காகவே இருந்தா?”

கடைக்காரர் கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக் கிளம்பினாள்.

(முழங்கால் வலிக்காதா என்று கேட்பீர்கள். நாலரை வாக்கில் அவள் மெல்லச் சரிந்து தரையில் நீட்டிப் படுத்துவிட்டாள். முழங்கால் ஜெபம் சாஷ்டாங்க ஜெபமாக முதிர்ந்துவிட்டதென்று கடைக்காரர் மேலும் பயந்துபோனார்.)

5

மாமியார் அத்தையை ஏற இறங்கப் பார்த்து, அவள் எங்கே என்றாள். ஜெபத்தில் இருக்கிறாள் என்று அத்தை சொன்னாள். பிறகு புரட்டும் வேலை தொடங்கியது. நாலேகாலுக்கு ஒருவழியாக முடிந்தபோது அத்தையின் ஜாக்கெட் நனைந்திருந்தது. அரிசி மூட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டுகிறாய், மருமகள் புரட்டினால் உடம்பு அலுங்காது என்று திட்டு வேறு. அத்தைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவியே சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “அவ ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? நான் முனகினா எந்திரிச்சுடுவா. அதனால சில நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பேன். அவகிட்ட சொல்லிடாதே. அப்புறம் ராங்கி போயிடும் எனக்கு.”

அத்தை திரும்பி வந்தபோது போதகரும் வந்திருந்தார். கையில் ஒரு காகிதம். விடுமுறை வகுப்புக்கும் விரிப்பக்காவே பொறுப்பு என்று அவளிடம் சொல்லத்தான் கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் வருமே, அது மாதிரி.

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். போதகர் தரையைப் பார்த்தார்.

“என்ன ஐயா அது?” என்றாள் அத்தை.

போதகர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “ஜெபந்தாம்மா,” என்றார். “பதில் வந்திருக்கு.”

அத்தை குனிந்து பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

(வேதம் அறிந்தவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன்: செத்துப்போகிறேன் என்று செடி நிழலில் விழுந்த தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் பிரசங்கம் அனுப்பவில்லை. தூங்கவிட்டார், எழுப்பி அப்பம் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். ஆண்டவரும்தான் புயலில் ஆடிய படகில் தலையணை வைத்துத் தூங்கினார். தூங்கினவளைக் கோபிக்க அவருக்கு வாயில்லை.)

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் விழிக்கிறாள். ஆண்டவர் என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்க, “ஞாயிறு வகுப்பை அத்தை எடுக்கணுமாம்” என்கிறாள். எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஆனால் பொய் அவளுக்கு ஒட்டாது.

இரண்டாவதில் தூங்கினதை ஒப்புக்கொண்டு அழுகிறாள், எல்லோரும் அழுகிறார்கள், பாட்டுக்கூடப் பாடுகிறார்கள். சர்க்கரை தூக்கல்.

மூன்றாவதில் புதுப் பெலத்தோடு எழுந்து, கூட்டாளியைத் தேடிப்போய், அவள் கேட்ட கேள்விக்குப் பிரமாதமான பதில்...

நிறுத்திவிட்டேன். கேள்விக்குப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. அத்தையின் ஜாக்கெட்டைப் பிழிந்தால் சொட்டும். பிறகும் அவளே வந்து சொல்ல வேண்டுமா? பேசு, அழு, பாடு, மற்றவர்களைத் தேற்று என்று நானும் அவளுக்கு வேலை கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். தன் ராஜினாமாவை அவள் எழுந்து முடிப்பாளா, மறந்துவிடுவாளா, எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் சங்கிலி எட்டு மணி வரை. ஆறு மணிக்கு நான் யாரையும் எழுதவில்லை. இதுவரை கூடவே வந்தவர் நீங்கள்தான். கதவைச் சத்தமில்லாமல் தள்ளுங்கள். மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள், வாயில் விரல் வைப்பார்கள். அவள் தோள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தொட்டால் கதை முடிந்துவிடும்.

தொட மனமில்லையென்றால், ஆறேகாலுக்கு அந்த அம்மாளைப் புரட்டிவிட வேண்டும். உங்களையும் திட்டுவாள். போய் வாருங்கள்.