இரண்டு கரைக்கும் ஒரே சர்ச்

"சர்ச்சுக்குப் போயிடும்மா, அதான் சேஃப்," என்று டோரீன் சொல்லி முடித்ததும் மகள் ஆஞ்சலாவின் போன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப். இங்கே காக்ஸ் டவுனில் மத்தியான வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்காட்லாந்தில் இன்னும் விடியவில்லை. ராத்திரி முழுக்க மழை, ஆறு ஏறிவருகிறது என்று ஆஞ்சலா அழுகிற குரலில் சொல்லியிருந்தாள்.

அங்கே ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு சின்ன ஊர்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் ஊர்க்காரர்களே சொல்வார்களாம். அந்த ஊர்களின் பழைய கதைகளைச் சேர்த்துவைக்கும் மியூசியத்தில் ஆஞ்சலாவுக்கு வேலை. அவள் குடியிருந்த வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்றாள். இருட்டில் மேட்டுப்பாதையில் வயசுப்பெண் தனியாக நடப்பதுதான் டோரீன் கண்ணில் நின்றது. சர்ச் பக்கத்திலேயே இருக்கிறதே? இங்கே பெருமழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது குடும்பமே படுத்து எழுந்தது சர்ச் ஹாலில்தான்.

மீன் பையோடு உள்ளே வந்த கணவர் லாயிட், விஷயத்தைக் கேட்டதும் பையைத் தரையிலேயே போட்டார்.

"எந்த சர்ச்சுக்குப் போகச் சொன்னே?"

"அங்க இருக்கறதே ஒண்ணுதானே?"

"அடிப்பாவி, அது ஆத்தங்கரையில இருக்கு! போன வாரம் வீடியோ கால்ல காட்டுனாளே, நீ பாக்கல?"

பார்த்தாள். மகள் முகம் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தாள். லாயிட் வாய் குழறச் சொன்னார். இரண்டு ஊருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம். எதிர்க்கரைச் சவப்பெட்டிகள் படகில் வந்து இறங்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் சர்ச்சைத் தண்ணீர் ஓரமாகவே கட்டிவிட்டார்கள். வெள்ளம் வரும்போதெல்லாம் அது ஏறிய மட்டத்தைச் சுவரில் கோடு கிழித்து, வருஷத்தைச் செதுக்கிவைப்பது அவர்கள் வழக்கம். உச்சியிலிருந்த கோட்டைத் தொட அந்த வீடியோ காலில் ஆஞ்சலா எம்பிக் குதித்தாள். எட்டவில்லை என்று சிரித்தாள்.

லாயிட் லேப்டாப்பைத் திறந்து, மியூசியத்துக்காரர்கள் ஆற்றைப் பார்க்க வைத்திருக்கும் கேமராவைத் தேட ஆரம்பித்தார்.

"அவ என்னிக்கு உன் பேச்சைக் கேட்டா? ஸ்கூலுக்குத்தான் போயிருப்பா," என்றார். தட்டிய எழுத்தெல்லாம் தப்புத்தப்பாக விழுந்தது.

உண்மைதான். பத்தாம் வகுப்பிலிருந்து ஆஞ்சலா அம்மா சொன்னது எதையும் கேட்டதில்லை. பி.காம் படி என்றால் சரித்திரம், கல்யாணம் என்றால் ஸ்காட்லாந்து. அவள் சொல்பேச்சுக் கேட்கவேண்டும் என்று டோரீன் போகாத உபவாச ஜெபம் இல்லை. இப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, இன்னிக்கும் எம் பேச்சை அவ கேட்டிருக்கக் கூடாது."

படம் வந்தது. சாம்பல் வெளிச்சத்தில் கறுப்பாகத் தண்ணீர். கல்லறைக் கற்களின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. சர்ச்சின் வாசற்படியைக் காணவில்லை. உள்ளே, ஒரு ஜன்னலில், யாரோ விளக்கைப் போட்டார்கள்.