சந்தியாகோவில் ஒரு சட்டிக் கடலை

என்னுடைய மனுசனுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, ஒப்பிரேசன் செய்யாவிட்டால் அடுத்த வருடம் ஆள் இருப்பதே சந்தேகம் என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு இந்த மனுசன் கேட்ட ஒரே கேள்வி, "சைக்கிள் ஓடலாமோ?" என்பதுதான். டொக்டர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சமதரையில், மெதுவாக" என்றார் டொக்டர். மேடு ஏறக்கூடாது, நெடுந்தூரம் பிளேனில் போகவும் கூடாது என்றார்.

யாக்கோப்பு முப்பது வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். வாரம் முழுக்கச் சில்லு உருட்டிய மனுசன் லீவு நாளில் காலை நீட்டிக்கொண்டு, லண்டன் ஓரத்துச் சட்டனில், எங்கள் வீட்டோடு கிடக்கவேண்டாமா? மாட்டார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பிரைட்டன், ஒல்லாந்து, பிரான்ஸ் என்று திரிவார். அந்தச் சைக்கிளுக்கு நான் வைத்த பெயர் இரண்டு சில்லுச் சக்களத்தி. அதைத் துடைக்கிற கவனத்தில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஏன் இப்படிப் பேசப்போகிறேன்.

ஒப்பிரேசனுக்குத் திகதி வந்தது. சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு முதல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டும். "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். மகள் அஜித்தா அழுது பார்த்தாள். பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் புத்தி சொல்லிப் பார்த்தார். மனுசன் அசையவில்லை.

"முதல்ல சந்தியாகோவுக்கு ஒருக்காப் போயிட்டு வருவம்" என்றார் கடைசியில்.

சந்தியாகோ ஸ்பெயினில் இருக்கிற பழைய நகரம். யேசுவின் சீடரான யாக்கோப்பின் கல்லறை அங்கேதான் என்று உலகமெல்லாம் இருந்து சனம் நடந்தும் சைக்கிளிலும் வருகிறது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு அவர் சந்தியோகுமையோர். கிளாலியில் கடல்நீரேரிக் கரையில் அவருக்குக் கோயில் உண்டு. என் மனுசனின் பெயரும் அவருடையதுதான். இரண்டு மணித்தியாலப் பறப்புத்தானே, அங்கே வைத்தாவது இவர் வாயிலிருந்து ஒரு "ஓம்" பிடுங்கிவிடலாம் என்று நானும் வெளிக்கிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கண் விழித்தால், சந்தியாகோவில் எடுத்திருந்த அறையின் குசினியிலிருந்து கடுகும் செத்தல் மிளகாயும் வெடிக்கிற மணம். இவர் சட்டனிலிருந்தே கொண்டைக்கடலை கட்டிக்கொண்டு வந்து, எனக்குத் தெரியாமல் இரவே ஊறப்போட்டிருக்கிறார். அவித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்து, ஒரு பெரிய சட்டி நிறைய வைத்திருந்தார். கறிவேப்பிலை கூட மறக்கவில்லை.

"இதென்ன, ஒரு ஊருக்கே சமைச்சு வைச்சிருக்கிறியள்?"

"வழியில தேவைப்படும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று நினைத்தேன். பஸ்காரர் எல்லாரும் இப்படித்தான், எங்கே போனாலும் சாப்பாட்டுப் பெட்டி கூடப் போகவேண்டும்.

வாடகைக்கு இரண்டு பற்றறிச் சைக்கிள் எடுத்தோம். பற்றறிச் சைக்கிளில் ஏறுவதை அவர் பெரிய மானக்கேடாக நினைத்தார். "ஒப்பிரேசன் செய்யுங்கோ, பிறகு மிதிச்சு ஓடலாம்" என்றேன். கேட்காத மாதிரி, சட்டியைப் பின் கரியரில் வைத்து றப்பர் பட்டியால் இறுக்கினார்.

நகரத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏலாது. இரவு மழை பெய்து கல்லெல்லாம் கழுவிவிட்டது போல இருந்தது. வீடு, வீதி, தூண், படிக்கட்டு எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கருங்கல். சில சுவர்களில் பாசி படிந்து, அதற்கு மேல் மஞ்சள் பூச்செடி தானாக முளைத்திருந்தது. ஒடுக்கமான வீதிகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போகலாம். இரண்டு பக்கமும் கடைகளுக்கு முன்னால் கல் வளைவுகள். மழை வந்தால் ஊரே அதற்குக் கீழே நடக்கும் போலிருக்கிறது. சந்தையில் மீன்காரி ஒருத்தி கணவாய் மீனைத் தூக்கிக் காட்டினாள். இவர் அதைக் கையில் வாங்கி மணந்து பார்த்து, நல்லது என்று தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாங்காத சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சி.

அவர் அடிக்கடி நிற்பதைக் கவனித்தேன். ஒரு பல்கனியை அண்ணாந்து பார்ப்பார், ஒரு கதவின் இரும்பு வளையத்தைத் தொட்டுப் பார்ப்பார். உண்மையில் அவர் பல்கனி பார்க்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்கு விளங்கியதை அவருக்குக் காட்டவில்லை. நானும் அந்தப் பல்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூங்காப் பக்கம் சமதரை வந்ததும் ஏறி ஓடினோம். அவர் முன்னால், நான் பின்னால், ஆமை மாதிரி. அந்த முதுகைப் பார்த்ததும் லண்டனில் நாங்கள் முதலில் இருந்த குரோய்டன் எனக்கு ஞாபகம் வந்தது. தொண்ணூற்று நாலில் நான் லண்டனில் வந்து இறங்கிய கிழமை, எங்களுக்கு இருந்தது ஒரு அறையும் யாரோ விட்டுப்போன ஒரு சைக்கிளும்தான். விசா அலுவலாகக் குடிவரவு ஒபிஸ் இருந்த உயர்ந்த கட்டடத்துக்குப் போக என்னை முன் பாரில் ஏற்றினார். மாசி மாதக் குளிர். கையுறை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் வழியில் நிறுத்தி, தன் காலுறைகளைக் கழற்றி என் கைகளில் மாட்டிவிட்டு, வெறுங்காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு மிதித்தார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். வீதி முழுக்க அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு சீரான மூச்சு. மேட்டில் ஏறும்போதும் மாறவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு வீடும் வந்தது, காரும் வந்தது. அந்தப் பாரில் இருந்த சுகம் வரவேயில்லை. இதை நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி இருப்பார்.

மத்தியானம் பெரிய கோயிலுக்கு முன்னால் இருக்கிற முற்றத்துக்கு வந்தோம். கால் வீங்கிய யாத்திரிகர்கள் பைகளைத் தலைக்கு வைத்துக் கல்லிலேயே படுத்துக் கிடந்தார்கள். உள்ளே பீடத்துக்குப் பின்னால் படி ஏறிப் போய், சந்தியோகுமையோரின் சுரூபத்தைப் பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கலாம். அதற்காகத்தானே வந்தது.

"வாங்கோ, உள்ளுக்குப் போவம்" என்றேன். "லண்டனில ஒபிஸ் பூட்ட முதல் ஆஸ்பத்திரிக்கும் போன் எடுக்கவேணும்."

"நான் இப்ப உள்ளுக்கு வர ஏலாது. இதைக் குடுத்துப்போட்டுத்தான்."

சட்டியை அவிழ்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். கோயில் படிக்கு அருகே வெறுங்காலோடு நின்று, சட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, வருகிற போகிற சனத்துக்கு நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாலியில் பேசத் தேவையில்லை. கோயில் வாசலில் ஒருவர் சட்டியோடு நின்றால் நேர்த்திக்கடனுக்குக் குடுக்கிற கடலை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும், கைகள் தானாக நீளும். இங்கே சனம் அவரைச் சுற்றி விலகிப் போனது. சிலர் பார்க்காத மாதிரிப் போனார்கள். கறுப்பு உடுப்புப் போட்ட கிழவி ஒருத்தி மட்டும் நின்று, அவர் முகத்தை இரக்கமாகப் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஒரு நாணயத்தைக் கடலைக்கு மேல் போட்டாள்.

என் மனுசனைப் பிச்சைக்காரன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது. அதற்குள் ஒரு பொலிஸ்காரரும் வந்து, இங்கே விற்கக்கூடாது என்று கையால் காட்டினார்.

"போதும், சட்டியை மூடுங்கோ. மானம் போகுது" என்றேன்.

அவர் கடலைக்குள் கிடந்த நாணயத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அவருடைய அம்மா செத்த செய்தி வந்த அன்று ஒருநாள்தான்.

"இது உமக்காக நேந்தது, பியற்றிஸ்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீர் கிளாலிக் கடல் தாண்டி வந்தனீரெல்லே. அண்டைக்கு நான் குரோய்டன் அறையில இருந்து நேந்தனான். அவள் உயிரோட கரை சேந்தால், சந்தியோகுமையோரே, உம்மட வாசலுக்குச் சைக்கிளில வந்து கடலை குடுப்பன் எண்டு."

தொண்ணூற்று மூன்றில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அந்த நீரேரி ஒன்றுதான் வழி. இரவில், வெளிச்சம் இல்லாமல், வள்ளத்தில். எங்களுக்கு முன்னால் போன வள்ளத்தில் நேவியின் துப்பாக்கிச் சூடு விழுந்தது. நான் படகின் அடியில் முகம் குப்புறக் கிடந்து மாதாவைக் கூப்பிட்டேன். அந்த நேரம் உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஒரு மனுசன் எனக்காகக் கடலை பேரம் பேசிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"குடுத்துப்போட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தன். சண்டை முடியுமட்டும் கிளாலிக்குப் போக ஏலாது. முடிஞ்சாப் பிறகு அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு விட்டுட்டன். இப்ப டொக்டர் அவ்வளவு தூரம் பிளேனில போகவேண்டாமாம். கேட்டதைத் தந்த ஆளுக்கு வாக்குக் குடுத்ததைச் செய்யாமல், திரும்பவும் போய் என்ர நெஞ்சைக் காப்பாத்தும் எண்டு எந்த முகத்தோட கேக்கிறது? கேக்காமல் மேசையில ஏறிப் படுக்கவும் எனக்குத் துணிவில்லை."

அதுதான் விசயம். மகள் அழுததும் சுவாமி சொன்னதும் இந்தச் சட்டிக்கு முன்னால் எடுபடவில்லை. எனக்கு அவரை நாலு சாத்துச் சாத்தவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"கிளாலி கிளைக் கோயில். இதுதானே ஹெட் ஒபிஸ். இஞ்சை குடுத்தால் செல்லும்" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்த நேரத்திலும் பகிடி.

நாணயத்தோடு ஒரு பிடி கடலையும் அள்ளிக்கொண்டு ஓடிப்போய், நாணயத்தைக் கிழவியின் கையில் திருப்பி வைத்தேன். அவளுடைய மற்றக் கையை விரித்துக் கடலையைப் போட்டேன். நான் ஒன்றை என் வாயில் போட்டு மென்று காட்டினேன். அவள் யோசித்து, ஒன்றைக் கடித்தாள். மிளகாய் ஏறியது, இருமினாள், பிறகு சிரித்து மற்றதையும் தின்றாள். நான் அவரைத் தள்ளிக்கொண்டு யாத்திரிகர் படுத்துக் கிடந்த பக்கம் போனேன். நடந்து வந்த சனத்துக்குப் பசிதானே பெரிய பாஷை. ஒரு ஜெர்மன் பெடியன் எழுந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினான். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பொலிஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானும் கையை நீட்டினார். சட்டியின் அடியில் கறிவேப்பிலையும் இரண்டு செத்தல் மிளகாயும் மட்டும் மிஞ்சின.

அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே போனார். சுரூபத்தைக் கட்டிப்பிடித்தார். பின்னால் நின்றவர்கள் செருமுகிற அளவுக்கு நேரம் எடுத்தார். வெளியே வந்து, படியில் இருந்துகொண்டு, தானே ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தார். "யேஸ்" என்றார். "யேஸ், ஐ ஆம் கமிங்." என்னிடம் போனைத் தந்துவிட்டுச் சப்பாத்துக் கட்டத் தொடங்கினார், சந்தைக்குப் போகிறவர் மாதிரி.

வேண்டியது கிடைத்துவிட்டது. நான் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அந்த "யேஸ்" கேட்ட நிமிடம் நான் படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். இவ்வளவு நாளும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசிக்கொண்டிருந்தேன். என் பயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் நெஞ்சைப் பிளப்பார்கள். அவர் இல்லாத சட்டன் வீட்டை முதல் முறை மனதில் கண்டேன். சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் தனியாக உள்ளே ஓடினேன்.

ஒப்பிரேசன் முடிந்த அடுத்த நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில், குரல் கம்மிக் கிடந்தவர் கேட்ட முதல் கேள்வி: "நீர் அண்டைக்கு உள்ளுக்குப் போய் என்ன நேந்தனீர்?"

"குடுத்துப்போட்டுச் சொல்லுறன்."

"என்னைப்போல முப்பது வருசம் வைச்சிருக்காதையும்."

அதற்குப் பிறகு என்னத்தை மறைக்கிறது. "நீங்கள் கண் முழிச்சால், சட்டனில இருந்து சந்தியாகோ வரைக்கும் சைக்கிளில வாறன் எண்டு சொன்னனான். பற்றறி இல்லாமல்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று தாதி கொடுத்த தலையணையை நெஞ்சோடு அமத்திக்கொண்டார்.

"நீர் ஓடுற ஓட்டத்துக்குப் பத்து வருசம் செல்லும்."

"செல்லட்டும்" என்றேன். "பத்து வருசமும் நீங்கள் எனக்கு முன்னால ஓடவேணும். அதையும் சேத்துத்தான் கேட்டனான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். தலையணையைப் பிடித்தபடியே அழத் தொடங்கினார். நானும் அழுதேன்.