கூடுதலாக ஒரு கார்வை

தப்பு என்னுடையதுதான் என்று நானே சொல்லிவிட்டேன். ஒத்திகை மேடை நடுவில் என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் குதித்துக் காற்றில் இருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது, பாவம், இருட்டில் வந்து இறங்கினாள். விளக்கு அதன் நேரத்துக்குத்தான் அணைந்தது. என் மிருதங்கம்தான் பின்தங்கிவிட்டது. முதல் வரிசையிலிருந்து இயக்குநர் எழுந்து வந்து, யார் பிசகினது என்று கேட்டார். அவருடைய மொழியில் அந்தக் கேள்வி மரியாதையாகவே இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான் கையைத் தூக்கினேன்.

நடந்தது வேறு. அந்த இடத்தில் ஒரே தீர்மானம், ஆட்டத்தை முடித்துவைக்கிற தாளக்கட்டு, மூன்று முறை வரும். ஒவ்வொரு முறையும் அவள் குதிகாலில் முழுக்க உட்கார்ந்து துள்ளி எழ வேண்டும். இரண்டாவதில் வலது முட்டி எழவில்லை. கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் நான் பார்த்துவிட்டேன். நாட்டியத்துக்கு வாசிக்கிறவன் பார்ப்பது காலைத்தான். கால் பிந்தினால் இரண்டு தீர்மானத்துக்கும் நடுவில் விடுகிற கார்வையை, அந்த மௌனத்தை, ஒரு துளி இழுத்துவிடுவோம். ஆடுகிறவள் சமாளித்துக்கொள்வாள், சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. இந்த நாடகத்தில் அது செல்லாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் காதில் ஒரு சின்னக் கருவி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். விளக்கு, திரை, பின்னணி எல்லாம் அதற்குத்தான் கட்டுப்பட்டவை. நானும் கட்டுப்பட்டிருக்க வேண்டும். கை கேட்கவில்லை.

ஒரு நாட்டியக் குழுவோடு இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். சாக்ஸபோனோடு வாசித்திருக்கிறேன், பொம்மலாட்டத்துக்கு வாசித்திருக்கிறேன், சர்க்கஸில் கயிற்றில் நடக்கிறவனுக்குக்கூட வாசித்திருக்கிறேன். அவன் தடுமாறினபோதும் என் கை தானாக இழுத்துக் காத்திருந்தது. மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு எந்த ஊர்ச் சங்கீதத்தோடும் சம்பந்தம் பேசி முடித்துவிடுவேன் என்று மனைவி கேலி செய்வாள். இந்த நாடகக் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்ததுதான் பெரிய சம்பந்தம். வயதான ராணியாக அவள் ஆடுகிறாள், வசனமே கிடையாது. அவளுடைய வசனம் நான்.

இயக்குநர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆரம்ப ஒத்திகைகளில் என் வாசிப்பை எடுத்த ஒலிப்பதிவு இருக்கிறதாம். மதியத்துக்கு மேல் அதை வைத்து ஓட்டிப் பார்ப்பாராம். சரியாக வந்தால் வெளியூர்ப் பயணம் முழுக்க அதுதான். நான் ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கலாமாம்.

ஒப்பனை அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் முட்டியில் ஐஸ் வைத்திருந்தாள். வீக்கம் பட்டுக்கு வெளியே தெரிந்தது.

"யாரு உங்களை இழுக்கச் சொன்னா?"

"நீ எழலையே."

"விழுந்தா விழுந்திருப்பேன். கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லி இன்னொரு வாட்டி ஆடியிருப்பேன். இப்ப உங்களையும் தூக்கிட்டாங்க. அந்த ஸ்பீக்கர் எனக்காக நிக்குமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. அவளைக் காப்பாற்றப் போய், காப்பாற்றுகிறவனை அல்லவா வெளியே அனுப்பிவிட்டேன்.

"முட்டியைப் பத்தி நானே அவர்கிட்ட சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லுங்க. வெளிய ஒருத்தி உடம்பை வளைச்சுப் பாத்துக்கிட்டே நிக்கிறா. நாளைக்கே என் டிரெஸ்ஸை அவளுக்குப் பிடிச்சுத் தெச்சுடுவாங்க."

மாற்று ஆளாக வைத்திருக்கிற பெண்ணைச் சொன்னாள். இவளிடமே படித்தவள், தங்கமான பெண். வைவதற்குக்கூட வழியில்லை.

"அந்த முட்டி ஜவ்வு இன்னொரு தடவை கிழிஞ்சா டாக்டர் என்ன சொன்னாரு? நடக்கவே கம்பு வேணும்னு சொல்லலையா?"

"சொன்னாரு. எனக்குத்தான் சொன்னாரு." ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். "இதை விட்டா எனக்கு வேற மேடை இல்லைங்க. யாரு கூப்பிடுவா? நீங்க வாயைத் திறந்தா நான் உங்களை மன்னிக்கவே மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அந்தக் கட்டடத்திலேயே எங்கள் பாஷை பேசுகிற ஒரே ஆள் சவுண்டுக்காரர். அவரிடம் ஓடினேன்.

"தம்பி, ரெண்டாவது தீர்மானத்துக்கு அப்புறம் கொஞ்சூண்டு இடம் விட முடியுமா?"

"விடலாம்ணே. ஆனா அதுக்கப்புறம் லைட் எல்லாத்தையும் மாத்தணும். அவர் ஏன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

என்ன சொல்லட்டும். சும்மாதான் கேட்டேன் என்று சமாளித்தேன். நான் இடம் போன வருத்தத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார் போல. "உங்க வாசிப்புத்தானேண்ணே. பிசிறே இல்ல, போட்டுக் காட்டவா?" என்று ஆறுதல் சொன்னார். வேண்டாம் என்றேன்.

ஹாலில் நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். மிருதங்கம் இல்லாத மடியில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விளக்கு வந்தது, அவள் வந்தாள். ஸ்பீக்கரிலிருந்து என் கை புறப்பட்டது. நன்றாகத்தான் வாசித்திருந்தேன், பாவி. அவள் முட்டி நன்றாக இருந்த நாளில் வாசித்தது. அன்றைக்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

முதல் தீர்மானத்தில் எழுந்துவிட்டாள். இரண்டாவதில் விரல்களைத் தரையில் ஊன்றி, அதையே ஒரு முத்திரை மாதிரி காட்டி எழுந்தாள். இயக்குநர் ரசித்துத் தலையாட்டினார். கார்வை வந்தது. இரு, இருடா என்று என்னையே நான் கெஞ்சினேன். என் இரண்டு கைகளும் தொடைக்கு மேலே காற்றில் நின்றன. ஸ்பீக்கரில் இருந்தவன் நிற்கவில்லை. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதை எடுத்துவிட்டான்.

அவள் உட்கார்ந்தாள். கைகள் தோளுக்கு நேராக, முகத்தில் அந்த ராணியின் சிரிப்பு. எழும்பினாள். பாதி எழும்பியபோது முட்டி உள்பக்கமாக மடிவதைப் பார்த்தேன். மிருதங்கத்தின் கடைசி அடியோடு விளக்கு சொல்லிவைத்த மாதிரி அணைந்தது.

"இதுதான், இதேதான்," என்று இயக்குநர் விளக்குகளை இயக்குகிற பெண்ணிடம் சொல்வது கேட்டது. அடுத்த காட்சிக்கான நடிகர்கள் மேடைக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலி முதுகுகளைத் தடவிக்கொண்டு, முட்டி மோதிக்கொண்டு நான் முன்னால் போனேன். அவள் இறங்கியிருந்தால் சலங்கை கேட்க வேண்டும். ஓர் அடி எடுத்து வைத்தாலும் கேட்க வேண்டும். இருட்டில் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடிகர்களின் வெறுங்கால்கள்தான் கேட்டன.